அளவு சொல்லிச் செய்த கோல்கள்: அமெரிக்கப் பூல் கோல் கைவினைஞர்களும் வாடிக்கையாளர் வேண்டுகோள்களும்

பில்லியர்ட்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த பூல், துணி விரித்த மேசையில் ஆறு குழிகளுக்குள் பந்துகளைக் கோலால் அடித்து விழச்செய்யும் ஆட்டம். இந்த ஆட்டம் அமெரிக்க ஐக்கிய நாட்டில் பெரிதும் வளர்ந்தது. ஆட்டத்துக்குரிய கோல் கியூ எனப்படுகிறது. ஆட்டக்கூடங்களில் சுவரோரம் வரிசையாக நிற்கும் பொதுக்கோல்களை யார் வேண்டுமானாலும் எடுத்து ஆடலாம். ஆனால் ஆட்டத்தில் தேர்ந்தவர்கள் பலர் தம் கைக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப அளவு சொல்லி, தமக்கென்று ஒரு கோலைச் செய்துகொள்கிறார்கள். கஸ்டம் கியூ என்று பெயர் பெற்ற இவ்வகைக் கோல் இக்கட்டுரையில் தனிக்கோல் என்று குறிப்பிடப்படுகிறது.

தையற்காரரிடம் அளவு கொடுத்துச் சட்டை தைப்பது போன்றதே இது என்று முதலில் தோன்றும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சட்டை பொருந்தாவிட்டால் பிரித்துத் தைக்கலாம். கடைந்த மரத்தை மீண்டும் தடிமனாக்க முடியாது. ஆகவே கோல் செய்பவர் மரத்தைத் தொடுவதற்கு முன்பே, வாடிக்கையாளர் கேட்பது என்ன, அவருக்கு உண்மையில் தேவைப்படுவது என்ன, அவற்றுள் மரம் இடங்கொடுப்பது எது என்று தீர்மானித்தாக வேண்டும். அமெரிக்கத் தனிக்கோல் தொழிலின் வரலாறு பெரும்பாலும் இந்தத் தீர்மானங்களின் வரலாறே.

கோலின் தோற்றமும் உறுப்புகளும்

தொடக்கத்தில் மேஸ் என்ற கருவியால் பந்தைத் தள்ளி ஆடினார்கள். அது நீண்ட கைப்பிடியின் முனையில் தடித்த மரக்கட்டை பொருத்தப்பட்டது. பந்து மேசையின் விளிம்பை ஒட்டி நின்றால் அந்தக் கட்டை இடைஞ்சலாக இருந்தது. அப்போது கருவியைத் திருப்பிப் பிடித்து, மெல்லிய வால்பகுதியால் பந்தைத் தள்ளினார்கள். பிரெஞ்சு மொழியில் வாலைக் குறிக்கும் சொல்லே கியூ என்று ஆட்டக்கோலுக்கு வழங்கலாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோலின் நுனியில் தோல் ஒட்டும் வழக்கத்தைப் பரப்பியவராகப் பிரான்சின் படைத்தலைவர் பிரான்சுவா மேங்கோ அறியப்படுகிறார். தோல் நுனி வந்த பிறகு பந்தின் மையத்தை விட்டு விலகி அடித்து, அதைச் சுழலவைக்க முடிந்தது. 1897இல் வில்லியம் ஸ்பிங்க்ஸ், வில்லியம் ஹாஸ்கின்ஸ் ஆகிய இருவரும் தோல் நுனியில் பூசும் சாக்குக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றனர். அடி நுட்பமாக ஆக, கோலின் சிறு வேறுபாடும் ஆட்டக்காரரின் கைக்குத் தெரியலாயிற்று.

இன்றைய பூல் கோல் பெரும்பாலும் இரண்டு துண்டுகளால் ஆனது. இரண்டையும் சேர்த்தால் ஏறத்தாழ 58 அங்குல நீளம், அதாவது 147 செ.மீ. எடை பொதுவாக 18 முதல் 21 அவுன்ஸ் வரை. 19 அவுன்ஸ் என்பது ஏறத்தாழ 540 கிராம். முன்பாதி முன்தண்டு எனலாம். அது பெரும்பாலும் மேப்பிள் மரத்தால் ஆனது. பின்பாதி அடித்தண்டு. அலங்கார வேலைகள் எல்லாம் இதில்தான் அமையும். இரண்டும் திருகாணியால் இணையும் இடம் மூட்டு. முன்தண்டின் நுனியில் தோல், அதன் கீழே ஒரு வெண்ணிறப் பூண். உலக்கையின் முனை பிளக்காமலிருக்கப் பூண் போடுவது போலவே இங்கும் அடியின் அதிர்ச்சியைப் பூண் தாங்குகிறது. அடித்தண்டில் கை பிடிக்கும் இடத்தில் லினன் நூலோ தோலோ சுற்றப்பட்டிருக்கும்.

தமிழ்நாட்டு வாசகர்களில் பலருக்கு ஸ்னூக்கர் கூடுதலாக அறிமுகமாகியிருக்கலாம். 1875இல் ஜபல்பூரில் பிரிட்டிஷ் படை அதிகாரிகளிடையே தோன்றிய அந்த ஆட்டத்தின் விதிகள் 1882இல் உதகமண்டலம் கிளப்பில் எழுதி வைக்கப்பட்டன. ஸ்னூக்கர் பந்து சிறியது. அதன் கோல் நுனி 9 முதல் 10 மி.மீ. வரை இருக்கும். பூல் பந்து பெரியது, கனமானது. அதற்கு 13 மி.மீ. அளவிலான நுனியே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. மெல்லிய நுனி வேண்டும் என்று பூல் ஆட்டக்காரர் கேட்கும்போது, கைவினைஞர் இந்தக் கணக்கையும் மனத்தில் கொள்ள வேண்டியிருக்கிறது.

தொழிற்சாலைக் கோலும் ஹெர்மன் ராம்போவும்

அமெரிக்காவில் பில்லியர்ட்ஸ் மேசைகளையும் கோல்களையும் பெருமளவில் செய்த நிறுவனம் பிரன்ஸ்விக். ஜான் மோசஸ் பிரன்ஸ்விக் 1845இல் சின்சினாட்டி நகரில் தொடங்கிய தொழில், 1884இல் பிற நிறுவனங்களோடு இணைந்து பிரன்ஸ்விக்-பால்க்-காலண்டர் ஆயிற்று. அதன் விலைப்பட்டியலில் பலவகைக் கோல்கள் இருந்தன. வாங்குபவர் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

இந்நிறுவனத்தில் இளவயதிலேயே சேர்ந்து தொழில் கற்றவர் ஹெர்மன் ராம்போ (1881-1967). சிகாகோவில் வாழ்ந்த அவர், பின்னாளில் சொந்தமாகவும் கோல் செய்தார். வில்லி ஹாப்பே, வில்லி மோஸ்கோனி போன்ற புகழ்பெற்ற ஆட்டக்காரர்கள் அவரிடம் கோல் செய்துகொண்டவர்கள்.

ராம்போவின் காலத்தில் தனிக்கோல் செய்ய ஓர் எளிய வழி இருந்தது. பிரன்ஸ்விக் நிறுவனத்தின் டைட்டிலிஸ்ட் என்ற ஒற்றைத்துண்டுக் கோல் நல்ல மரத்தால், உறுதியான இணைப்போடு செய்யப்பட்டது. கைவினைஞர்கள் அதை இரண்டாக அறுத்து, மூட்டு பொருத்தி, கைப்பிடிக்கு நூல் சுற்றி, முன்தண்டை ஆட்டக்காரர் கேட்ட அளவுக்குக் கடைந்து தந்தார்கள். அலங்காரம் குறைவு. ஆட்டக்காரர் கேட்டவை எடை, நீளம், நுனியின் விட்டம், தண்டின் ஒடுக்கம் ஆகியவையே. எல்லாம் ஆட்டத்துக்கு நேரடியாகப் பயன்படுபவை. தனிக்கோல் என்ற வழக்கம் வேரூன்றியது இந்த எளிய வேண்டுகோள்களில்தான்.

ஜார்ஜ் பாலபுஷ்கா

தனிக்கோல் வரலாற்றில் மிகவும் பெயர் பெற்றவர் ஜார்ஜ் பாலபுஷ்கா. 1912இல் ரஷ்யாவில் பிறந்த இவர் 1924இல் அமெரிக்கா வந்தார். நியூயார்க்கில் தச்சு வேலை செய்து பிழைத்தார். பின்னர் நண்பர் ஒருவருடன் சேர்ந்து புரூக்ளினில் ஆட்டக்கூடம் ஒன்றை நடத்தினார். 1959இல் கிறிஸ்துமஸ் பரிசாக நண்பர்களுக்குச் சில கோல்கள் செய்து கொடுத்தார். அவற்றைப் பார்த்த ஆட்டக்காரர்கள் தமக்கும் வேண்டும் என்று கேட்க, அது தொழிலாயிற்று. 1975இல் காலமாகும் வரை அவர் செய்த கோல்கள் ஏறத்தாழ 1,000 முதல் 1,200 வரை என்று கணக்கிடப்படுகிறது.

பாலபுஷ்காவின் கோல்களில் ஆடம்பரம் குறைவு. அடித்தண்டில் நான்கு கூர்முனைகள், அவற்றின் ஓரத்தில் வண்ணமிட்ட மெல்லிய மரத்தகடுகள், கைப்பிடியில் ஐரிஷ் லினன் நூல், அங்கங்கே சிறு வளையங்கள். கூர்முனைகள் அமைந்த மூலத்துண்டுகளை அவர் முழுவதும் தாமே செய்யவில்லை. தொடக்கத்தில் டைட்டிலிஸ்ட் கோல்களைப் பயன்படுத்தினார். 1966 முதல் சிகாகோவின் பர்ட்டன் ஸ்பெயினிடமும், 1971 முதல் பென்சில்வேனியாவின் கஸ் ஸாம்போட்டியிடமும் அவற்றை வாங்கினார். ஸ்பெயினும் ஸாம்போட்டியும் தம்மளவிலேயே சிறந்த கோல் கைவினைஞர்கள்.

அப்படியானால் பாலபுஷ்காவிடம் கோல் கேட்டவர்கள் எதற்காகக் கேட்டார்கள் என்ற கேள்வி எழுகிறது. மரத்தைத் தேர்வது, பல துண்டுகளை ஒன்றாக இசைப்பது, முன்தண்டை ஒடுக்குவது, எடை எங்கே நிற்க வேண்டும் என்று முடிவுசெய்வது ஆகியவற்றில் அவருடைய கை தெரிந்தது. வாடிக்கையாளர் ஒரு பொருளுக்கு மட்டும் பணம் தரவில்லை, ஒரு தச்சரின் தீர்ப்புக்கும் சேர்த்தே தந்தார். மூலத்துண்டு யாருடையதாயினும் கோல் பாலபுஷ்கா கோல் என்றே அழைக்கப்படுவதற்குக் காரணம் இதுதான்.

வேண்டுகோளைக் கேட்டு அறிதல்

தனிக்கோலுக்கான உரையாடல் பெரும்பாலும் அளவுகளில் தொடங்கும். நீளம் எவ்வளவு, எடை எவ்வளவு, நுனி எத்தனை மில்லிமீட்டர், எந்த மரம், எந்த மூட்டு, கைப்பிடிக்கு நூலா தோலா என்று கைவினைஞர் குறித்துக்கொள்வார். உலகப் பூல் சங்கத்தின் விதிகளும் சில எல்லைகளை வகுத்துள்ளன. கோல் குறைந்தது 40 அங்குல நீளம் இருக்க வேண்டும். எடை 25 அவுன்ஸைத் தாண்டக் கூடாது. நுனி 14 மி.மீட்டருக்கு மேல் போகக் கூடாது. இந்த எல்லைகள் மிக அகலமானவை. ஆகவே பெரும்பாலான முடிவுகள் இருவருடைய பேச்சில்தான் பிறக்கின்றன.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஆட்டக்காரர் தம் கையில் உணர்வதைச் சொல்கிறார். அந்த உணர்வுக்குக் காரணம் வேறொன்றாக இருக்கலாம். கோல் கனமாக இருக்கிறது, ஓர் அவுன்ஸ் குறைத்துச் செய்யுங்கள் என்று ஒருவர் கேட்பதாகக் கொள்வோம். அவருடைய பழைய கோலைத் தராசில் நிறுத்தால் எடை வழக்கமான 19 அவுன்ஸாகவே இருக்கும். விரலின் மேல் கிடத்திப் பார்த்தால் அதன் நடுநிலைப் புள்ளி அடியிலிருந்து மிகவும் முன்னால் தள்ளி இருப்பது தெரியும். எடை முன்பக்கம் சாய்ந்திருப்பதால் கைக்குப் பளுவாகத் தோன்றுகிறது. அவருக்குத் தேவை குறைந்த எடை அன்று, எடையின் இடமாற்றம். சொன்னபடியே ஓர் அவுன்ஸ் குறைத்துக் கொடுத்தால், புதிய கோலும் அவருக்கு ஒத்துவராமல் போகலாம்.

அதனால்தான், இப்போது ஆடும் கோலைக் கொண்டுவந்து காட்டச் சொல்வது கைவினைஞர்களிடையே வழக்கமாயிற்று. நுனியை அளவுகோலால் அளந்து, தண்டு எந்த இடத்திலிருந்து தடிக்கத் தொடங்குகிறது என்று பார்த்து, மூட்டின் வகையைக் குறித்துக்கொள்வார்கள். முன்தண்டின் நுனியிலிருந்து பல அங்குல தூரம் ஒரே தடிமனில் வந்து, பிறகு மெல்லத் தடிக்கும் ஒடுக்கத்துக்கு அமெரிக்காவில் புரோ டேப்பர் என்று பெயர். விரல்களுக்கிடையே தண்டு வழுக்கி ஓடும் தூரம் ஆட்டக்காரருக்கு ஆட்டக்காரர் மாறும். அதற்கேற்ப அந்த ஒரே தடிமன் பகுதியின் நீளமும் மாற வேண்டும். இதை எண்ணில் சொல்லத் தெரிந்த வாடிக்கையாளர்கள் குறைவு. தேய்ந்து பளபளக்கும் அவருடைய பழைய தண்டு அதைத் தெளிவாகச் சொல்லிவிடும்.

அடி மென்மையாக வேண்டும், அல்லது கெட்டியாக வேண்டும் என்று கேட்பதும் உண்டு. இதற்குத் தோல் நுனியின் கடினம், பூணின் பொருள், தண்டின் ஒடுக்கம், மூட்டின் அமைப்பு என்று பல காரணங்கள் உண்டு. நேர்மையான கைவினைஞர் முதலில் நுனித் தோலை மாற்றிப் பார்க்கச் சொல்வார். சில டாலர் செலவில் தீரக்கூடிய குறைக்குப் புதிய கோல் விற்பது அவருக்கு ஆதாயந்தான். ஆனால் ஆட்டக்காரர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் சிறிய உலகத்தில் அந்த ஆதாயம் நெடுநாள் நிற்பதில்லை.

ஒன்றோடொன்று மோதும் வேண்டுகோள்கள்

தனித்தனியே பார்த்தால் எல்லா வேண்டுகோள்களும் நியாயமாகத் தோன்றும். சேர்த்துப் பார்க்கும்போதுதான் அவை மோதும். இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு கருங்காலி. நம் நாட்டிலும் இலங்கையிலும் விளையும் கருங்காலியும், ஆப்பிரிக்கக் கருங்காலியும் அழகுக்காகக் கோல்களில் நெடுங்காலமாக விரும்பப்படுபவை. நல்ல கருங்காலி நீரில் இட்டால் மூழ்கும் அளவுக்கு அடர்த்தியானது. மேப்பிள் அவ்வளவு அடர்த்தியில்லை. அடித்தண்டு முழுவதும் கருங்காலியாகவும் இருக்க வேண்டும், மொத்த எடை 18 அவுன்ஸாகவும் இருக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டால், இரண்டும் ஒருசேர அமைவது கடினம்.

இதற்குக் கைவினைஞர்கள் கண்ட வழி உள்தண்டு. கருங்காலியின் நடுவே நீளவாக்கில் துளையிட்டு, நேரான இழையோட்டமுள்ள மேப்பிள் தண்டை உள்ளே செலுத்தி ஒட்டுவார்கள். வெளியே கருங்காலியின் அழகு நிற்கும், எடை குறையும். முறுக்கிய இழையும் முடிச்சுகளும் கொண்ட அழகிய மரங்களுக்கும் இதே முறை பயன்படுகிறது. அத்தகைய மரம் தனித்து நின்றால் காலப்போக்கில் வளையலாம். உள்ளே நேரான தண்டு இருந்தால் வளைவு கட்டுப்படும். ஆனால் உள்தண்டு வைத்த கோலின் அடியும் ஓசையும் வேறுபடும் என்று கருதும் ஆட்டக்காரர்களும் உண்டு. ஆகவே உள்தண்டு வைக்கப்போவதை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்வது முறை.

எடை கூட்டுவது எளிது. அடித்தண்டின் கடைசியில் இரும்புத் திருகாணி ஒன்றைச் செலுத்தினால் போதும். ஆனால் அது எடையைப் பின்னால் இழுக்கும், நடுநிலைப் புள்ளி நகரும்.

காலமும் ஒரு வேண்டுகோள். அடுத்த மாதப் போட்டிக்குள் கோல் வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். முன்தண்டுக்குரிய மேப்பிளை ஒரே நாளில் இறுதி அளவுக்குக் கடைவதில்லை. சிறிது கடைந்து, பல வாரங்கள் தொங்கவிட்டு, மரம் தன் அழுத்தத்தைத் தளர்த்திக்கொண்ட பிறகு மீண்டும் சிறிது கடைவார்கள். இடையில் வளைந்த தண்டுகளை ஒதுக்கிவிடுவார்கள். அவசரத்துக்கு இணங்கிக் கடைந்த தண்டு, வாடிக்கையாளர் கைக்குப் போன பிறகு வளையக்கூடும். அப்போது பழி கைவினைஞரின் பெயருக்கே வரும்.

அலங்காரத்தின் காலம்

1960களில் கலிபோர்னியாவில் எர்னி குட்டியரெஸ் ஜினா கியூ என்ற பெயரில் கோல்கள் செய்யத் தொடங்கினார். அடித்தண்டில் நுண்ணிய பதிப்பு வேலைகளை அமைப்பதில் அவர் புகழ்பெற்றார். வார்ப்புருவைத் தடவிச் சென்று அதே வடிவத்தைச் சிறிதாக மரத்தில் குடையும் பாண்டோகிராஃப் என்ற கருவி இவ்வேலைக்கு உதவியது. பிற்காலத்தில் கணினி வழி இயங்கும் கடைசல் கருவிகள் வந்தன. முத்துச்சிப்பி, வெள்ளி, தந்தம், பல நிற மரங்கள் எல்லாம் கோலில் இடம்பெற்றன.

1986இல் மார்ட்டின் ஸ்கார்செசி இயக்கத்தில் பால் நியூமனும் டாம் குரூஸும் நடித்த 'தி கலர் ஆஃப் மணி' திரைப்படம் வெளிவந்தது. கதையில் ஒரு பாலபுஷ்கா கோல் அரிய பரிசாகக் கைமாறுகிறது. படப்பிடிப்பில் பயன்பட்டது பாலபுஷ்கா அன்று, அதைப் போலத் தோற்றமளித்த ஜாஸ் நிறுவனத்துக் கோல். படம் வந்த பிறகு அமெரிக்காவில் பூல் ஆட்டத்தின் மீது புதிய ஆர்வம் பிறந்தது. அழகிய கோல் கேட்போரும் பெருகினர். அவர்களுள் ஆடுவோரும் இருந்தனர், சேகரிப்போரும் இருந்தனர். 1990களில் கோல்களின் விலைமதிப்பைத் தொகுத்துச் சொல்லும் நூல்களும் வெளிவந்தன. 1992இல் அமெரிக்கக் கோல் கைவினைஞர் சங்கம் தோன்றியது.

இதனால் வேண்டுகோள்களின் இயல்பே மாறியது. முன்பு ஆட்டக்காரர் தம் கையைப் பற்றிப் பேசினார். இப்போது பலர் படத்தைக் காட்டிப் பேசினார்கள். தம் பெயரைப் பதிக்கச் சொன்னார்கள், குடும்பச் சின்னத்தையோ விருப்பமான விலங்கையோ வரையச் சொன்னார்கள். பெயர் பதித்த கோலைப் பின்னாளில் விற்க நேர்ந்தால் வாங்குபவர் தயங்குவார் என்பதை எடுத்துச்சொல்வதும் கைவினைஞரின் பொறுப்பாயிற்று. சிலர் பெயரைக் கூட்டில் மறையும்படி மூட்டு வளையத்திலோ, எளிதில் மாற்றக்கூடிய பகுதியிலோ வைத்துக்கொள்ளலாம் என்று இடைவழி கூறுவர்.

எல்லாவற்றையும் வாடிக்கையாளர் விருப்பத்துக்கு விடாத கைவினைஞர்களும் உண்டு. 1980களில் லாஸ் வேகாஸில் ஜெர்ரி பிராங்க்ளின் நடத்திய சவுத்வெஸ்ட் பட்டறை இதற்கு எடுத்துக்காட்டு. ஆறு கூர்முனைகள் என்ற அமைப்பும் மூட்டின் கட்டுமானமும் அங்கே நிலையானவை. மரத்தின் வகை, தகடுகளின் வண்ணம் போன்றவற்றை வாடிக்கையாளர் தேர்வு செய்யலாம். கோலின் எலும்பு கைவினைஞருடையது, உடை வாடிக்கையாளருடையது என்று இந்த முறையைச் சுருக்கிச் சொல்லலாம். கட்டுமானத்தை மாற்றாததால் ஒவ்வொரு கோலின் அடியும் எதிர்பார்த்தபடி அமைந்தது. சவுத்வெஸ்ட் கோலுக்கு மக்கள் காத்துக்கிடந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

நகல் கேட்போர்

கைவினைஞரை மிகவும் சங்கடப்படுத்தும் வேண்டுகோள், வேறொருவர் செய்த கோலைப் போலவே செய்துதரக் கேட்பது. பாலபுஷ்கா, ஸாம்போட்டி ஆகியோரின் கோல்கள் இன்று பல்லாயிரம் டாலர் விலை போகின்றன. எல்லோராலும் வாங்க முடியாது. அதே தோற்றத்தில் ஒரு கோல் கிடைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள்.

நான்கு கூர்முனைகளும் வண்ணத் தகடுகளும் எந்த ஒருவருக்கும் சொந்தமல்ல. அவை இத்தொழிலின் பொதுச் சொத்து. மறைந்த முன்னோடியை நினைவுகூர்ந்து அவர் பாணியில் ஒரு கோல் செய்து, அதில் தம் சொந்த அடையாளத்தையே பதிப்பதைப் பலர் ஏற்கிறார்கள். உயிரோடு தொழில் செய்துகொண்டிருக்கும் ஒருவரின் தனித்த வடிவத்தை அப்படியே எடுத்துக்கொள்வது வேறு. அதை அவரிடமே போய்க் கேளுங்கள் என்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புவது மரியாதையான வழக்கம். அடுத்தவரின் கையொப்பத்தையும் சேர்த்துப் பதிக்கச் சொன்னால் அது மோசடி. பாலபுஷ்காவின் பெரும்பாலான கோல்களில் அவருடைய பெயர் இல்லாததால், அவற்றை உண்மை என்று உறுதிசெய்வது ஒரு தனித் துறையாகவே ஆகிவிட்டது.

முன்பணமும் காத்திருப்பும்

தனியொருவராக வேலை செய்யும் கைவினைஞரால் ஆண்டுக்குச் சில பத்துக் கோல்களே செய்ய முடியும். கேட்போர் அதைவிடப் பன்மடங்கு. பெயர் பெற்ற பட்டறைகளில் காத்திருப்போர் பட்டியல் ஆண்டுக்கணக்கில் நீண்டது. சவுத்வெஸ்ட் பட்டியல் பத்தாண்டைத் தாண்டியது. ஜெர்ரி பிராங்க்ளின் 1996இல் காலமான பின்பு அவருடைய மனைவி லாரி பிராங்க்ளின் பட்டறையைத் தொடர்ந்து நடத்தியதால், ஏற்றுக்கொண்ட வேண்டுகோள்கள் கைவிடப்படவில்லை. கஸ் ஸாம்போட்டி 1988இல் மறைந்தபின் அவர் மகன் பேரி தந்தையின் தொழிலைத் தொடர்ந்தார். எல்லாப் பட்டறைக்கும் இப்படிப்பட்ட வாரிசு அமைவதில்லை. தனியொருவரின் கையை நம்பி நிற்கும் தொழிலில், அந்தக் கை ஓய்ந்துவிட்டால் பட்டியலில் இருப்பவர் நிலை என்ன என்பது விடை கடினமான கேள்வி.

முன்பணம் பற்றிய வழக்கம் பட்டறைக்குப் பட்டறை மாறுபடும். சிலர் பாதித்தொகை வாங்குவர். சிலர் மரத்தை வெட்டத் தொடங்கும் நாள்வரை ஒரு காசும் வாங்குவதில்லை. முன்பணம் வாங்கிய மாத்திரத்தில் வாடிக்கையாளர் தம்மை முதலாளியாக எண்ணத் தொடங்குவார், வாரந்தோறும் மாற்றம் சொல்வார் என்பது பின்னவர்கள் கூறும் காரணம். நீண்ட காத்திருப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. பத்தாண்டுக்கு முன் கேட்ட எடையும் நீளமும் இன்று அதே மனிதருக்குப் பொருந்தாமல் போகலாம். ஆகவே முறை வந்ததும் பழைய குறிப்பை அப்படியே நம்பாமல் மீண்டும் ஒருமுறை பேசிக்கொள்வது அவசியமாகிறது.

சட்டம் மறுக்கும் வேண்டுகோள்கள்

சில வேண்டுகோள்களை மறுக்கும் பொறுப்பைக் காலப்போக்கில் சட்டமே எடுத்துக்கொண்டது. தந்தம் ஒரு காலத்தில் பூண், மூட்டு, பதிப்பு ஆகிய மூன்றுக்கும் விரும்பப்பட்ட பொருள். பில்லியர்ட்ஸ் பந்துகளும் முன்பு தந்தத்தால் ஆனவை. அதற்கு மாற்று தேடிய முயற்சியில்தான் 19ஆம் நூற்றாண்டில் செல்லுலாய்டு என்ற நெகிழிப்பொருள் உருவானது. 1989இல் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் குறித்த சைட்டிஸ் உடன்படிக்கை நாடுகள் ஆப்பிரிக்க யானையின் தந்த வணிகத்தைத் தடைசெய்ய முடிவெடுத்தன. நியூயார்க், நியூ ஜெர்சி மாநிலங்கள் 2014இலும் கலிபோர்னியா 2016இலும் கடுமையான சட்டங்களைக் கொண்டுவந்தன. 2016 ஜூலையில் அமெரிக்கக் கூட்டரசின் விதிகளும் மாநிலங்களுக்கிடையிலான தந்த விற்பனைக்கு ஏறத்தாழ முழுத் தடை விதித்தன. நூறாண்டு கடந்த தொல்பொருள்கள், மிகச் சிறிதளவு பழைய தந்தம் கொண்ட பொருள்கள் போன்றவற்றுக்கு மட்டும் நிபந்தனைகளோடு விலக்கு உண்டு.

பழைய சேமிப்பில் தந்தம் இருந்தாலும், அதை வைத்துச் செய்த கோலை வாடிக்கையாளர் மாநிலம் கடந்து விற்கவோ, நாடு கடந்து எடுத்துச் செல்லவோ இயலாமல் போகலாம். இதனால் பல கைவினைஞர்கள் தந்தம் வேண்டும் என்ற வேண்டுகோளை ஏற்பதையே நிறுத்திவிட்டனர். தந்தம் போலத் தோன்றும் செயற்கைப் பொருள்கள் அதன் இடத்தைப் பிடித்தன.

மரத்துக்கும் இதே நிலை. பிரேசில் ரோஸ்வுட் 1992இல் சைட்டிஸ் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2017இல் அதே இனத்தைச் சேர்ந்த மற்ற மரங்களும் இரண்டாம் பட்டியலுக்குள் வந்தன. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரமும், அதாவது தோதகத்தியும் அவ்வினமே. இன்று அமெரிக்காவில் ஒருவர் தம் கோலுக்கு இந்த மரங்களைக் கேட்டால், மரம் எங்கிருந்து, எந்த ஆவணத்தோடு வந்தது என்பதையும் கைவினைஞர் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

புதிய தண்டுகள்

1994 அளவில் பிரிடேட்டர் நிறுவனம், பல மரத்துண்டுகளை ஆப்பு வடிவில் ஒட்டி உருவாக்கிய முன்தண்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பந்தின் ஓரத்தில் அடிக்கும்போது வெள்ளைப் பந்து குறிவைத்த கோட்டிலிருந்து விலகும். அந்த விலகலைக் குறைப்பது இத்தண்டின் நோக்கம். நுனிப்பகுதியின் எடை குறையக் குறைய விலகலும் குறையும் என்பது இதன் அடிப்படை. கடந்த சில ஆண்டுகளில் கார்பன் இழைத் தண்டுகளும் பரவிவிட்டன.

இதனால் தனிக்கோல் கைவினைஞரிடம் வரும் வேண்டுகோள் மீண்டும் மாறியுள்ளது. முன்தண்டைத் தொழிற்சாலையிடம் வாங்கிக்கொள்கிறேன், அதற்குப் பொருந்தும் திருகாணியோடு அடித்தண்டை மட்டும் செய்து கொடுங்கள் என்று இப்போது பலர் கேட்கிறார்கள். அடியின் தன்மையைப் பெரிதும் தீர்மானிப்பது முன்தண்டு. ராம்போவின் காலத்தில் தனிக்கோல் கைவினைஞரின் முதன்மையான வேலை அதுதான். அது கைவிட்டுப் போனால் எஞ்சுவது பெரும்பாலும் அலங்காரமே. சிலர் இதை ஏற்று அடித்தண்டு மட்டும் செய்கிறார்கள். சிலர் தாம் கடைந்த மேப்பிள் தண்டு ஒன்றையாவது உடன் கொடுத்தால்தான் அது தம் கோல் என்று கருதி, அவ்வாறே நிபந்தனை வைக்கிறார்கள்.

எது சரி என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்வது எளிதன்று. ஆனால் இரு தரப்பாரும் ஒன்றில் ஒத்துப்போகிறார்கள். செய்ய முடிந்ததையும் முடியாததையும் மரத்தை வெட்டும் முன்பே வாடிக்கையாளரிடம் சொல்லிவிட வேண்டும். இன்றும் நல்ல பட்டறைகளில் ஒரு புதிய வேண்டுகோள் வந்தால், கைவினைஞர் முதலில் கேட்பது விருப்பமான நிறத்தையோ மரத்தையோ அன்று. இப்போது எந்தக் கோலால் ஆடுகிறீர்கள், அதில் என்ன குறை என்றுதான் கேட்கிறார்.